சீனியத்தானே வேணாம்னாக

கடலாடி
24-6-2024

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கச்சி இராமலட்சுமி எழுதிக்கொள்வது. இங்கன நானும் மக சத்யப்பிரியாவும் நல்லா இருக்கோம். அங்கன நீயும் நாகஜோதி அண்ணியும் நல்லா இருக்கணும்னு கும்பிட்டுக்கிறேன்.

நல்லா இருக்கோம்னு எழுதத்தான் செய்யணும், எழுதிட்டேன். நல்லா இல்லண்ணே. வளைகாப்பு முடிஞ்சு சத்யாவ இங்கன கூட்டியாந்ததுல இருந்து ஒனக்குப் போன் அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்குற. அண்ணி எடுத்து "தோப்புல இருக்காக"ங்குது. பின்னாலேயே ஒன் இருமல் கேக்குது. அதான் எழுதுறேன். நம்ம வீடும் ஒத்த ரூம்பு, போன்ல பேசுனா சத்யாவுக்கு அம்புட்டும் கேக்கும்.

சம்பந்தி வீட்டாளுக முன்னால நீ லட்டப் பிச்சு வாய்க்கிட்டக் கொண்டுபோனப்ப அவ மூஞ்சியத் திருப்புனது தப்புதான். அவுக பொம்பளைக சிரிச்சதும் தப்புதான். நீ எலையில ஒக்காராம துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு பஸ்ஸுக்குப் போனியே, அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. அவ வேணும்னு செய்யலண்ணே. சர்க்கரைத் தண்ணியக் குடிக்கச் சொல்லி ரத்தம் எடுத்தாக, சுகர் இருக்காம். மாசமா இருக்கையில வாரதாம். இனிப்ப விட்டு, சோத்தக் கொறச்சு, நடந்தா அடங்குமாம். அடங்காட்டி உள்ள பிள்ள அளவுக்கு மிஞ்சிப் பெருத்துரும், பிரசவத்துல ஆபத்துன்னு நர்சம்மா சொன்னாக. அதுல இருந்து டீ கூடச் சீனி இல்லாமத்தான் குடிக்கிறா.

அவ அப்பா போனதுக்கப்பறம் எனக்கு ஒன்ன விட்டா யாருண்ணே? அவளுக்குக் கூடப்பொறந்த ஆம்பளையும் இல்ல. நாளைக்குப் பிள்ளைக்குப் பேரு விடவும், மொட்டை எடுக்கவும் மாமன்னு ஒம் மடியிலதான வைக்கணும். கோவத்த விட்டுரு.

இப்படிக்கு,
அன்புத் தங்கச்சி இராமலட்சுமி


மாரியூர்
2-7-2024

தங்கச்சி இராமலட்சுமிக்கு, அண்ணன் செல்லச்சாமி எழுதுறது. நான் நலம். நீ நலமான்னு கேக்கலாம்னுதான் பாத்தேன், மனசு வரல.

அன்னைக்கு நான் பஸ் ஏறுனது ஒனக்குத் தெரியும். எப்படி வந்தேன்னு தெரியுமா? பக்கத்து சீட்டுல சாயல்குடி ஆட்டு யாவாரி ஒருத்தன், மடியில வெள்ளாட்டுக் குட்டி. அது எந்துண்டு நுனியச் சவைக்குது. "எங்க மாமா போயிட்டு வாரீக, வெள்ளையுஞ் சொள்ளையுமா?"ன்னான். மருமக வளைகாப்புன்னேன். "விருந்து பலமா?"ன்னான். பலம்னேன். அந்த நேரம் பாத்து வயிறு எரையுது. அவன் என்னப் பாக்குறான், நான் ஆட்டப் பாக்குறேன். அந்த ஆட்டுக்கு ஒரு காது அறுந்திருந்துச்சு, அது வேற கதை, அவன் விடிய விடியச் சொல்லுவான், இப்ப வேணாம்.

ஊருக்கு வந்தா, செய்தி எனக்கு முந்தி டீக்கடையில வந்து ஒக்காந்திருக்கு. "என்ன செல்லச்சாமி, மாமன் கை லட்ட மருமக மோந்து பாத்துட்டு விட்டுருச்சாமே?"ன்னு கேக்குறானுக.

சீனிதான ஆகாது? சரி. அது ஆலையில மருந்தூத்தி வெளுக்குற சாமான். லட்ட வாங்கிட்டுப் போனதே ஒங்க அண்ணி பண்ணுன கோளாறு. கருப்பட்டி அப்படியா? மரத்துல இருந்து எறங்குறது. பிள்ளத்தாச்சிக்கு இடுப்புக்குப் பலம்னு குடுக்குறது. நம்ம பக்கம் சுகர் வந்தவனெல்லாம் சீனிய விட்டுட்டுக் கருப்பட்டிக் காப்பிதான குடிக்கிறான்?

ஒரு ஓலைக்கொட்டான் நெறையக் கருப்பட்டி கண்டக்டர்ட்டக் குடுத்து விடுறேன். அதுதான் எஞ் சீரு. எம் மருமக வயித்துக்குள்ள அது போகணும். போச்சுன்னு நீ எழுது, மாமன்னு நான் வந்து நிக்கிறேன். போகலையா, பேரு விட வேற மடி பாத்துக்க. இத நான் கோவத்துல எழுதலன்னு எழுதத்தான் வந்தேன். கோவத்துலதான் எழுதுறேன்.

இப்படிக்கு,
செல்லச்சாமி


கடலாடி
29-7-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கொட்டான் வந்துச்சு. சத்யாட்டக் காட்டுனேன். "இதுவும் சீனி மாதிரித்தாம்மா, நர்சு சொல்லியிருக்காங்க. உள்ள வை"ன்னுட்டா. அந்த நர்சம்மா டவுனுப் பிள்ள, அதுக்குக் கருப்பட்டியப் பத்தி என்ன தெரியும்னு நானும் நெனச்சுக்கிட்டேன். அதுனால சத்யாட்டச் சொல்லாம, காலையில கேப்பைக்கூழுல தட்டிப்போட்டுக் கரச்சிருறேன். சாயங்காலம் சுக்குத்தண்ணியில. "என்னம்மா இனிக்குது?"ன்னா. "வாய் செத்துக் கெடக்குறவளுக்குக் கேப்பை இனிக்கத்தான் செய்யும்"னேன். நம்பிட்டா. ஒஞ் சீரு அவ வயித்துக்குள்ள போயிருச்சுண்ணே. இனிமே போன எடு. ஆனா இந்த விசயத்தப் போன்ல பேசிராத.

ஒண்ணு கேக்கணும். இந்தத் தடவ ரத்தம் பாத்ததுல சுகர் ஏறியிருக்கு. "ஒளிச்சு வச்சு என்னம்மா திங்குற?"ன்னு நர்சம்மா எல்லாரு முன்னாலயும் கேட்டுருச்சு. "சத்தியமா எதுவும் திங்கல சிஸ்டர்"னு அழுதா. வீட்டுக்கு வந்து ராத்திரிச் சோத்தையும் விட்டுட்டா. பசிக்கிதும்மாங்குறா, மோரக் குடிச்சுட்டுப் படுத்துர்றா. வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கண்மாய்க்கரையில நடக்குறா, நான் பின்னாலேயே போறேன். ஊசி போடணும்னு பேசிக்கிறாக. எனக்கு மனசு கேக்கல. நிறுத்திரவா? நீ என்ன சொல்றியோ அப்படிச் செய்யிறேன்.

அன்புத் தங்கச்சி
இராமலட்சுமி


மாரியூர்
5-8-2024

பாசமுள்ள தங்கச்சி இராமலட்சுமிக்கு,

ஒங் கடுதாசிய ஒங்க அண்ணிக்கு வாசிச்சுக் காட்டுனேன், இன்னொருக்கா வாசிங்கன்னுச்சு, வாசிச்சேன். நேராக் கடைக்குப் போயி, அன்னைக்குக் கேட்டவன்ட்டயே, "எலே, எம் மருமக தெனம் ரெண்டு வேளையும் மாமன் வீட்டுக் கருப்பட்டிதாண்டா"ன்னேன். டீய வாயில வச்சுக்கிட்டு முழுங்க முடியாம நின்னான்.

நிறுத்தாத. மிசின் ஒரு நேரம் ஒண்ணு காட்டும். போன வருசம் திருவிழாவுல எட பாக்குற மிசின்ல ஏறி நின்னேன். ஒரு அட்ட வந்து விழுந்துச்சு, "விரைவில் திருமணம்"னு. ஒங்க அண்ணி ஒரு வாரம் எங்கூடப் பேசல. அந்த மாதிரிதான் இதுவும். ஊசியெல்லாம் எதுக்கு? பசிக்கிதுன்னு சொல்றால்ல, அப்ப இன்னுங் கொஞ்சம் தட்டிப்போடு. அடுத்த கொட்டான் வருது. பிள்ள நல்லாப் பெருசாவே வரட்டும், மாமன் மடி தாங்கும்.

இப்படிக்கு,
பாசமுள்ள அண்ணன் செல்லச்சாமி


கடலாடி
20-9-2024

அண்ணனுக்கு,

பொம்பளப் பிள்ளைன்னு மட்டும் போன்ல சொன்னேன். மத்தத வாயால சொல்ல வரல.

பிள்ள ரொம்பப் பெருசு. தலை வந்துருச்சு, தோளு மாட்டிக்கிருச்சு. டாக்டருமாரு ஓடி வந்து எடுத்தாக. பிள்ள அழுதுச்சு, உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆனா வலது கை மட்டும் துணி மாதிரித் தொங்குது. தோள் நரம்பு இழுபட்டுப் போச்சாம். சரியாகலாம், ஆகாமயும் போகலாம்னாக.

மறுநா வார்டுக்குப் பெரிய டாக்டரம்மா வந்தாக. சத்யா சீட்டப் பாத்துட்டு, "பொண்ணு இவ்வளவு கட்டுப்பாடா இருந்திருக்கு, அப்பறம் எப்படி ஏறுச்சு? வீட்டுல சீனி கீனி குடுத்தீங்களா?"ன்னு என்னையக் கேட்டாக. நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னேண்ணே. "சீனியக் கண்ணுல காட்டல டாக்டரம்மா. தெனமும் சுத்தக் கருப்பட்டிதான் கலந்து குடுத்தேன், எங்க அண்ணன் தோப்புது." பெருமையாத்தான் சொன்னேன். அவுக வையக்கூட இல்ல. "ரத்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா"ன்னுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாக. திரும்பிப் பாத்தா சத்யா முழிச்சுக்கிட்டுக் கெடக்கா.

"நான் பசியோட கெடந்தேனேம்மா"ன்னா. அம்புட்டுத்தான். அதுக்கப்பறம் எங்கூடப் பேசல.

ஆஸ்பத்திரில இருந்து மாப்பிள்ளை காளீஸ்வரன் நேரா முதுகுளத்தூருக்கு அவுக வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டாரு. பிள்ளையத் தூக்கிக் கார்ல குடுக்கப் போனேன். "நீங்க குடுத்த வரைக்கும் போதும்"னு சம்பந்தியம்மா வாங்கிக்கிட்டாக. நீ ஒரு நட போண்ணே. ஒங்கிட்டக் கேட்டுத்தான் குடுத்தேன், வேணும்னு செய்யலன்னு சத்யாட்ட ஒரு வார்த்த சொல்லு. ஒஞ் சொல்லுக்குத்தான் அங்க மதிப்பு.

இராமலட்சுமி


மாரியூர்
16-12-2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

எழுதத் தாமசமாயிருச்சு. மழை, தோப்புக்குள்ள தண்ணி, ஒங்க அண்ணிக்கு மூட்டுவலி.

முதுகுளத்தூர் போயிட்டு வந்தேன். பேரு விடுறதுக்கு மாப்பிள்ளையே வீட்டுக்கு வந்து கூப்புட்டாரு. தட்டுத்தட்டாச் சீரு கொண்டுபோனேன். இனிப்பு வைக்கல, பழந்தான். பந்தல்ல மொத நாக்காலி எனக்கு. மால போட்டாக, சம்பங்கி மால, ராமநாதபுரத்துல சொல்லிக் கட்டுனதாம், என்ன வாசங்குற. பிள்ளைய எம் மடியில வச்சுத்தான் பேரு விட்டாக, நாந்தான் காதுல சொன்னேன். அன்னைக்குச் சிரிச்ச பொம்பளைக "மாமா, இன்னொரு வடை"ன்னு எலையச் சுத்திச் சுத்தி வாராக. அவரைக்காப் பொரியல்ல உப்புக் கம்மி. நான் காட்டிக்கல.

சாப்பிட்டுக் கை கழுவயில சத்யா வந்து கேட்டுருச்சு. "மாமா, நீங்க சொல்லித்தான் அம்மா குடுத்துச்சா?"ன்னு. எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாக. மால கழுத்துல கெடக்கு. "சீரா அனுப்புனேன் தாயி, ஒளிச்சுக் குடுக்கச் சொன்னேனா?"ன்னேன். அது பொய்யில்லையே? ஒளிச்சுக் குடுன்னு நான் எங்கயாச்சும் எழுதியிருக்கேனா, நீயே சொல்லு. கொஞ்ச நாளைக்கு நீ அந்தப் பக்கம் போகாத. பிள்ளைக்கு மாமன் ஒறவாச்சும் நெலைக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணன் செல்லச்சாமி


கடலாடி
20-12-2024

செல்லச்சாமி அண்ணனுக்கு,

கடுதாசி கெடச்சுச்சு. பொய்யில்லதான். ஒளிச்சுக் குடுன்னு நீ எழுதல. இன்னுங் கொஞ்சம் தட்டிப்போடுன்னுதான் எழுதியிருந்த. அந்தக் காகிதத்த எடுத்துக்கிட்டு முதுகுளத்தூர் போகணும்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். ரெண்டு பஸ்ஸ விட்டுட்டு ஒக்காந்திருந்தேன். அத வாசிச்சா மட்டும் அவ பசி இல்லன்னு ஆயிருமா? கலக்குன கை என் கைதான. திரும்பி வந்து அடுப்புல போட்டுட்டேன்.

இனி எனக்குப் போன் போடாத. பொங்கச்சீருன்னு வராத. நான் செத்தா, பொறந்தவீட்டுக் கோடின்னு சேலையத் தூக்கிக்கிட்டும் வராத. எடுத்துப் போட இங்கன நாலு பேரு இருக்காக.

கேக்க வேற ஆளில்லாததுனால ஒன்னையக் கேக்குறேன். மால சம்பங்கின்னு எழுதியிருக்க, பொரியல்ல உப்புக் கம்மின்னு எழுதியிருக்க. பிள்ள அந்தக் கையத் தூக்குதான்னு எழுதல. பிள்ளைக்கு என்ன பேரு விட்டாகன்னும் எழுதல. அது ரெண்டையும் ஒரு கார்டுல எழுதிப் போடு. நலமான்னு கேக்காத.

இராமலட்சுமி