நூலகத்துக்கு நான் கொண்டுபோன பார்சல்

பேசாலை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் றொஷேலுக்கு அம்மா எழுதுவது,

மாதாவின் காவலில் இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம், உன்னுடைய சுகத்தையும் அவவிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன், உன்னிடம் கேட்க வழியில்லையே, போன் எடுத்தால் வெட்டுகிறாய். அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனாலும் படகில் கால் வைக்கும்போது முகத்தைச் சுளிக்கிறார், கேட்டால் வெயில் கண்ணில் குத்துகிறது என்கிறார். சோளகக் காற்று தொடங்கிவிட்டதால் நம்முடைய கருவாட்டு வாடியில் காயப்போட்ட மீனெல்லாம் மணல், வேலைக்கு வரும் பெண்கள் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி எடுக்கிறார்கள். வெள்ளத்தில் சாய்ந்த வேலியை நிமிர்த்தியாயிற்று. நீ நட்ட கறிவேப்பிலைக் கன்றைப் பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது, நான் சண்டைக்குப் போகவில்லை. என்னைத் தெரிந்த உனக்கு இது புதினமாக இருக்கும். யாரோடும் குரலை உயர்த்திக் கதைக்கும் முகம் இப்போது எனக்கு இல்லை மகள், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரி அம்மா, விடுங்கோ" என்று முடித்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது, நம்முடைய சரக்கு ஏற்றும் கொலின்ஸ் லொறியில் வரும்போது உன் கையிலேயே தருவான், அவன் முன்னால் கிழிக்கவும் மாட்டாய்.

போன மாதம் அதே லொறியில் கண்டிக் கடைக்குச் சரக்கு இறக்க வந்தபோது உன் கம்பஸ் நூலகத்துக்கும் போனேன், அது உனக்குத் தெரியும். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன், நீ வகுப்பில் இருந்தாய் என்று அன்றைக்கு நான் சொன்னதில் பாதிதான் உண்மை. நீ வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்தேன். கரை அரிப்பு வரைபடம் கீறுவதற்குக் கம்பியூட்டர் வேண்டும், உன்னுடைய பழைய லப்டொப் செத்துப்போயிற்று, கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு நூலகத்தில் லப்டொப் இரவல் கொடுக்கிறார்கள், அதற்கு வரிசையில் நிற்கிறேன் என்று நீ சொல்லியிருந்தாய். நான் வாங்கித் தருகிறேன் என்றபோது, வாடி வெள்ளத்தில் போயிருக்கிற நேரத்தில் வேண்டாம் என்று மறித்ததும் நீதான். வரிசை என்ற சொல் எனக்குள் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாது. மண்டபம் அகதி முகாமில் சின்னப் பெண்ணாக நான் நின்ற வரிசைகளில் முன்னுக்கு ஒரு தெரிந்த முகம் இல்லாதவர்களுக்கு அரிசியில் கல்தான் மிச்சம். திரும்பி வந்து இந்த வாடியைப் போட்ட நாள் தொட்டு எத்தனை அரசாங்கக் கந்தோர் ஏறியிருப்பேன், ஒரு பார்சல் கருவாடு இல்லாமல் எந்த மேசையிலும் என் கடதாசி நகர்ந்ததில்லை. "ஐயோ வேண்டாம் அம்மா" என்று வாய் சொல்லும், கால் பையை மேசைக்கு அடியில் தள்ளும். அப்படித்தான் உலகம் என்று நினைத்துக்கொண்டு நல்ல கட்டாக் கருவாடாகத் தெரிந்தெடுத்து, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

உன்னுடைய நூலகத்தைப் பார்த்து நான் மலைத்துப்போனேன், உண்மையைச் சொல்கிறேன். அத்தனை புத்தகங்கள், குளிர் காற்று, யாரும் விலை கேட்கவில்லை. ஒரு பிள்ளை அட்டையைக் காட்டுகிறது, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. இன்னொரு பிள்ளை வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றைக் கம்பியூட்டரில் திறந்து படிக்கிறது, வெளியில் அதைப் படிக்கப் பெரிய காசு கேட்பார்களாம், இங்கே பிள்ளைகளுக்காகக் கம்பஸ் அந்தக் காசைக் கட்டுகிறதாம், வாசலில் நின்ற பெடியன்தான் விளங்கப்படுத்தினான். வியாபாரிப் புத்தி எப்படிப் போகும், இவ்வளவு நல்ல சாமானைச் சும்மா கொடுக்கிறார்கள் என்றால் உள்ளுக்குள் ஆள் பிடித்தவர்களுக்குத்தான் கொடுப்பார்கள் என்று எனக்கு நானே தீர்மானித்தேன். பொதியின் மணம் அந்தக் குளிருக்குள் ஒரு சுற்று வந்தது. "என்ன அம்மா, சமையல் புத்தகம் திருப்பிக் குடுக்க வந்தீங்களோ?" என்று அந்தப் பெடியன் கேட்டான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

லப்டொப் கொடுக்கிற மேசையில் பைசர் என்ற தம்பி இருந்தார். ஊர் கேட்டேன், தகப்பன் முசலி என்றார். அவ்வளவுதான், நான் வழியைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். நம்முடைய பக்கத்துப் பிள்ளை, இனி என்ன. உன் பெயரைச் சொல்லி, "பிள்ளையிட பேரைக் கொஞ்சம் முன்னுக்குப் போடுங்கோ தம்பி, இது வீட்டுக்குக் கொண்டுபோங்கோ" என்று பொதியை மேசையில் வைத்தேன். "வேண்டாம் அம்மா, இதெல்லாம் இங்க எடுக்கிறேல்லை, தயவுசெய்து கொண்டுபோங்கோ" என்று எழும்பி நின்றே சொன்னார். எழும்பி நின்று மறுக்கிறவரை நான் முன்பு கண்டதில்லை, அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நானோ இது முதல் "வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே விறுவிறென்று வெளியே வந்துவிட்டேன். அவர் பின்னால் கூப்பிட்டது கேட்டது. கேட்காதது போல் லொறியில் ஏறினேன். கொலின்ஸிடம் "வேலை முடிஞ்சுது" என்று வேறு சொன்னேன்.

பிறகு நீ போன் எடுப்பதைக் குறைத்தாய், சோதனைக்குப் படிக்கிறாய் என்று நினைத்தேன். போன கிழமை மனம் கேட்காமல் நூலக நம்பரைத் தேடி எடுத்துப் பைசர் தம்பியைக் கேட்டு, கருவாடு எப்படி என்று விசாரித்தேன் பார், அதைவிட வெட்கம் கெட்ட வேலை ஒன்று உண்டா. பிறகு அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னார். "அம்மா, நீங்க வந்த அண்டைக்கே உங்கட மகளுக்கு லப்டொப் எடுத்து வச்சாச்சு. பேர் ஒட்டிக் கிடந்தது. அடுத்த நாள் வந்து கையெழுத்து வச்சிட்டுக் கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி."

உன் முறை நேர்மையாகவே வந்திருந்தது மகள். நான் வந்து கெடுத்தேன்.

எல்லார் முன்னாலும் வைத்துவிட்டுப் போன பொதியை அவர் ஒளிக்க முடியாதாம், ஒளித்தால் வாங்கியதாகிவிடும், அதனால் பெரிய நூலகர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்களாம், தாய் கொண்டுவந்தது உனக்குத் தெரியுமா என்று. நீ "ஓம், நான்தான் அம்மாட்டச் சொன்னனான்" என்றாயாம். லப்டொப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வருகிற புதன்கிழமை கூடித் தீர்மானிக்கிறார்களாம், இல்லை என்றால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அந்தப் பொதியையும் உன்னிடமே தந்தார்களாம், நீ அதைத் தூக்கிக்கொண்டு அந்த மேசைகளுக்கு நடுவால் நடந்து போனாயாம். பைசர் தம்பி இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. "எங்கட உம்மாவா இருந்தாலும் இப்பிடித்தான் செஞ்சிருப்பா, ஆனா உங்கட மகள் அப்பிடிச் சொல்லியிருக்கத் தேவையில்லை அம்மா" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று இத்தனை நாளாக எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் உன் லப்டொப் உன்னிடம் வந்திருக்கும். அம்மா விபரம் தெரியாதவள், ஊர் வழக்கத்தை இங்கே கொண்டுவந்துவிட்டாள் என்று அவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்தாயா? நான் பட்டிக்காட்டுக்காரி ஆகக் கூடாது என்று நீ களவு வழி தேடினவள் ஆனாயா? எனக்கு அந்த மரியாதை வேண்டாம். அப்பாவிடம் சொன்னேன், அவர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "நீ எல்லா மேசையையும் ஒரே மேசை எண்டு நினைச்சிட்டாய்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்குக் கருவாடு எடுக்கும் கொழும்பு ஆள் வந்து கேட்ட விலைக்குப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன், அவர் பயந்து, அம்மாவுக்குச் சுகமில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

லப்டொப் போனால் போகட்டும் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். அது உனக்கு வேண்டும், அது உன் முறை. ஆவணிக்குள் வரைபடம் கொடுக்காவிட்டால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்று நீயே சொன்னாய். பைசர் தம்பியிடம் நான் வந்து சொன்னால் போதுமா என்று கேட்டேன். "நீங்க வரலாம் அம்மா, ஆனா முதல்ல மகள் தான் சொன்னதை மாத்தோணும், இல்லாட்டி உங்கட பேச்சைத் தாய்ப்பாசம் எண்டு வச்சிருவாங்க" என்றார். ஆகவே எல்லாம் உன் வாயில் நிற்கிறது. புதன் காலை நான் அங்கே நிற்பேன். உள்ளே வா என்றால் வந்து, செய்தவள் நான், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வேன். உள்ளே வர வேண்டாம் என்றால் வாசலிலேயே நிற்பேன், உன் சிநேகிதிகள் பார்க்கும் இடத்தில் நிற்க மாட்டேன். இதுவரை எதற்கும் உன்னிடம் அனுமதி கேட்டதில்லை, இதற்குக் கேட்கிறேன். அங்கே வரவே கூடாது என்றால் கொலின்ஸிடம் சொல்லி அனுப்பு.

அதுவரை சும்மா இராதே. அங்கே பொதுக் கம்பியூட்டர்கள் இருக்கின்றனவே, காலையில் திறந்தவுடன் பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்ததை நான் கண்ணால் கண்டேன், பிள்ளைகள் பத்து மணிக்குப் பிறகுதான் வந்து முட்டுகிறார்கள். விடியவே போய் உட்கார். கூச்சத்தில் நூலகப் பக்கம் போகாமல் இருக்கிறாயோ என்றுதான் எனக்குப் பயம். போ. கூச வேண்டியவள் நான், நீ அல்ல. பைசர் தம்பியைக் கண்டால் முகத்தைத் திருப்பாதே, அந்தப் பிள்ளை தன் வேலையைச் செய்தது. சாப்பாட்டை விடாதே, குளிருக்குக் காதை மூடு, அப்பா உனக்காக மடு மாதாவுக்கு நேர்ந்திருக்கிறார்.

கர்த்தர் உன்னைக் காத்து, உன் வாய்க்குத் தைரியம் தரட்டும். மறந்துவிடாதே மகள், புதன்கிழமை கேட்கும்போது, "அம்மா செய்தவ, எனக்குத் தெரியாது" என்று சொல். அதைச் சொல்வது என்னைக் காட்டிக்கொடுப்பது இல்லை. அதுதான் நடந்தது.

உன் அம்மா,
றஞ்சிதம்