அச்சுப்படியில் ஒரு இடது கை

அன்புள்ள அண்ணாச்சி,

நம் கதைப் புத்தகத்தின் அச்சுப்படி திருத்தங்கல் அச்சகத்திலிருந்து வந்தது. நீங்கள் வரைந்த சிறுமி சிலேட்டில் இடது கையால் எழுதுகிறாள்! கதையில் நான் அப்படிச் சொல்லவே இல்லையே.

“அச்சுக் கல்லுல படத்தை இடவலமா திருப்பி வரையணும், அண்ணாச்சி மறந்துட்டாக டீச்சர், அதான் கை மாறிருச்சு,” என்றார் கொண்டுவந்த அச்சக ஆள். அப்படியானால் சிலேட்டு எழுத்தும் திரும்பியல்லவா விழுந்திருக்கும்? அது சரியாக இருக்கிறது. வேண்டுமென்றேதான் வரைந்திருக்கிறீர்கள்.

பக்கவாதத்தில் என் வலது கை விழுந்து நான்கு மாதமாகிறது. வேறு ஆளைக் கதை எழுதச் சொல்லிவிடுவீர்களோ என்று மறைத்தேன். உங்களுக்கு யார் சொன்னது?

அடடா, இப்போதுதான் பார்க்கிறேன். இந்தக் கடிதத்தில் எழுதிய வரியெல்லாம் என் இடது கை பட்டு மை இழுபட்டிருக்கிறது. உங்களுக்கு அனுப்பிய கதைத் தாளிலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

படத்தை மாற்ற வேண்டாம். அவள் அந்தக் கையாலேயே எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் விருதுநகர் டீச்சர்