டெஸ்க்டாப்பை இன்று கொடுத்துவிடாதே

அண்ணா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் சாப்பிடு.

டெஸ்க்டாப்பை வாங்க வருபவரைத் திருப்பி அனுப்பிவிடு. “பழசு எப்படிடி புது லேப்டாப்பை ஜெயிக்கும்?” என்று நேற்று கத்தினாயே, நீ வரைந்த வீட்டுப் படத்தை நிஜ வீடு போலக் காட்டும்படி காலையில் இரண்டிலும் ரெண்டர் போட்டுப் பார்த்தேன். லேப்டாப் பிராசஸர் விறுவிறுப்பான கதை போல முதல் அத்தியாயத்தில் பறந்தது. சூடேறியதும் நொண்ட ஆரம்பித்துவிட்டது. டெஸ்க்டாப்பின் பழைய பிராசஸர் தடித்த நாவல் போல மெதுவாகத் தொடங்கி, ஒரே வேகத்தில் போய், முன்னதாகவே முடித்துவிட்டது. நாளை படங்களைக் கொடுக்காவிட்டால் உன் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பி.கு.: டெஸ்க்டாப்பின் பவர் கேபிளை ஒளித்து வைத்திருக்கிறேன். அவர் போனதும் போன் செய், இடத்தைச் சொல்கிறேன். நேற்றிலிருந்து நீ என்னோடு பேசவே இல்லை, திட்டுவதற்காகவாவது கூப்பிடு.