வளைவில் சிக்கிய பெஞ்சு

அன்புள்ள மகன் தர்மாவுக்கு,

சுங்கை சிப்புட்டிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், பெர்த்தில் நீயும் மருமகள் குமுதாவும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறோம். போனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கடைசிக் காலத்துக்கென்று பழைய தோட்டத்து நிலத்தில் நீ கட்டப்போகும் வீட்டின் பிளானை, உன் ஆர்க்கிடெக்ட் ரதீசன் ஈப்போவிலிருந்து வந்து காட்டினார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன், ஆனால் முப்பது வருடம் கட்டட வேலையில் பிளான் படிக்க நானாகவே கற்றுக்கொண்டேன். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, மூன்று மணி வெயிலில் நாங்கள் கருவாடாகக் காய வேண்டும். கூரை சப்பட்டை, இந்த ஊர் மழையை அவர் காருக்குள்ளிருந்துதான் பார்த்திருப்பார். சமையலறைக்குச் சுவரே இல்லை, அம்மா நெத்திலி பொரித்தால் சோபாவும் சேர்ந்து நாறும். இவற்றைக்கூட உனக்காகப் பொறுத்துக்கொள்வேன். வாசலைப் பொறுக்க மாட்டேன். கதவைத் திறந்தால் மூன்றடி அகலத்தில் ஒரு நடை, அது சட்டென்று இடப்பக்கம் திரும்பிய பிறகுதான் ஹால். வெளியாட்கள் எட்டிப் பார்க்காமல் இருக்கவாம். உள்ளே நாங்கள் என்ன கள்ளச் சம்சு காய்ச்சப் போகிறோமா? செத்தவரை ஹாலில் கிடத்தி, சடங்கு முடித்து, வாசல் வழியாகத்தானே சவப்பெட்டியை எடுப்போம், இதில் எப்படி எடுப்பது என்று கேட்டேன். "என்ன அங்கிள், ரிட்டயர்மென்ட் வீட்டுல அந்தப் பேச்சு எதுக்கு" என்று சிரித்தார். ஹால் கண்ணாடிக் கதவைத் திறந்துகொள்ளலாமாம். அந்தக் கதவுக்கு வெளியே மீன் குளம் வரைந்திருப்பதும் இதே மேதைதான்.

மறுநாள் கோவில் திடலில் முளை அடித்து, கயிறு கட்டி, அந்த நடையை அப்படியே போட்டேன். பெட்டி அளவுக்கு ஆறரை அடி பெஞ்சுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி நானும் பக்கத்து வீட்டு அப்பாவுவும் தூக்கி நடந்தோம். எப்படிச் சாய்த்தும் வளைவில் திரும்பவில்லை. "உங்கள நிக்க வெச்சுதான் வெளிய கொண்டு போகணும்லா அண்ணே, கையில ஒரு மைக்கு குடுத்துட்டா சரி" என்றான். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த எல்லாரும் சிரித்தார்கள். "தம்பி ஆசப்பட்டுக் கட்டுது, சும்மா இருங்க" என்று அதுவரை என்னை அடக்கிய அம்மா மட்டும் சிரிக்கவில்லை, கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடக்க வேண்டியவன் நீ. நீ வாசலில் நிற்பாய், நான் உள்ளே வளைவில் நிற்பேன். ரதீசன் அப்போது வேறு யாருக்காவது குளம் வரைந்துகொண்டிருப்பார். நடையை நேராக்கி ஐந்தடியாக்கச் சொல். நிலம் என் பெயரில் இருக்கிறது, அதுவரை பிளானில் கையெழுத்து விழாது.

குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. மருமகளுக்கும் உனக்கும் ஒரு குறையும் வராது, எங்கள் ஆசி உண்டு.

இந்தத் தாளில் மட்டும் கையெழுத்திடும்
உன் அப்பா,
மு. சீனி