மலையில் மழை, மூதூரில் செந்தண்ணீர்

1957 பெப்ரவரி 18

ஊற்றிலிருந்து வரும் பீலிக் குழாயில் தண்ணீர் நூல்போல் விழுகிறது. மாசி வெயிலில் இது வழக்கம்தான். லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போய்விட்டார்கள்.

மாலையில் என் வீட்டுக்காரர், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து வந்ததும் சொன்னார்: ஆறாம் நம்பர் மலைக்கு மேலே இருக்கும் காட்டை வெட்டித் தேயிலை போடத் தோட்டத்துத் துரை உத்தரவு. பொறுப்பு அவருக்கு. கணக்கப்பிள்ளை வேலைக்கு வந்து இத்தனை வருடத்தில் துரை அவரை நம்பிக் கொடுத்த முதல் பெரிய வேலை. முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

"அங்கதானே நம்ம ஊத்து இருக்கு?" என்று கேட்டேன்.

"ஊத்து பூமிக்குள்ள இருந்து வருது, பூரணி. மேல நிக்கிற மரத்த வெட்டுனா அது எங்க போயிரப் போவுது?"

மருத்துவச்சி நான். பிரசவம் பார்க்கத்தான் படித்தேன், ஊற்றைப் பற்றி யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சாப்பாடு போட்டேன்.

மார்ச் 6

இன்று வெட்டத் தொடங்கினார்கள். மரம் விழும் சத்தம் டிஸ்பென்சரி வரைக்கும் கேட்டது.

ஏப்ரல் 28

ஊற்றிலிருந்து இறங்கும் ஓடையின் இடது பக்கம் முழுக்க வெட்டி, எரித்து, தேயிலைக்குக் குழி எடுத்தாகிவிட்டது. நேற்று முதல் பெருமழை. காலையில் பீலியில் தேநீர் நிறத்தில் தண்ணீர். "நல்ல சாயம், சீனி மட்டும் போட்டா போதும்" என்று ராசம்மா சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள்.

முன்பெல்லாம் மழை விட்ட பிறகும் வாரக்கணக்கில் தெளிந்த தண்ணீர் வந்துகொண்டேயிருக்கும். இப்போது மழையோடு சேர்ந்து வருகிறது, மழையோடு சேர்ந்து போய்விடுகிறது.

மே 30

லயத்தில் வயிற்றோட்டம். இரண்டு நாளாக வீடுவீடாகப் போகிறேன். காய்ச்சிக் குடிக்கச் சொன்னால் விறகு எங்கே என்கிறார்கள். அதுவும் நியாயம். ஈர விறகில் சோறு வேகவே விடியற்காலையில் எழுந்திருக்கிறார்கள். அதற்கு மேல் தண்ணீரையும் காய்ச்சு என்றால்?

வேலாயியின் பெண் குழந்தைக்குத்தான் அதிகம். தை மாதம் என் கையில் பிறந்தது. இன்று பால் குடிக்கவில்லை.

ஜூன் 2

வேலாயியின் குழந்தை போய்விட்டது.

ஜூன் 4

இன்று அவரோடு சண்டை. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, நான் மட்டும்தான் பேசினேன். அந்தக் காட்டை வெட்டியதால்தான் இப்படி என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நான் வெட்டலேன்னா வேற ஆள வச்சு வெட்டியிருப்பாங்க."

"அப்ப வேற ஆளே வெட்டியிருக்கட்டும்."

ஏன் சொன்னேன்? அவரும் அந்தக் குழந்தையைத் தூக்கியவர்தானே. பெயர் வைத்த அன்று சட்டையை நனைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர்.

ஜூன் 21

அக்கரப்பத்தனைக் கடைவீதி ஹசன் நானா வந்திருந்தார். மனைவி உம்மு குல்சுமுக்கு ஏழாம் மாதம் முடிகிறது. முன்பு இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. இந்த முறை பிரசவத்துக்குத் தாய்வீடு போகவேண்டும் என்கிறாள். ஆனால் நான் கூட வந்தால்தான் போவாளாம். தாய்வீடு மூதூர். திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து லாஞ்சுப் படகில் கடலைத் தாண்டவேண்டும்.

நான் கடலைப் பார்த்ததில்லை. டாக்டரையாவிடம் லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார். வீட்டில் அவரிடம் சொன்னபோது, "போயிட்டு வா, உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றார். எங்கள் இருவருக்குமே அது தேவைப்பட்டது.

ஜூலை 6, மூதூர்

வந்து சேர்ந்தோம். தலவாக்கலையில் ரயில் ஏறியபோது மழை, ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை. கம்பளையை நெருங்கும்போது பக்கத்தில் மகாவலி ஆறு ஓடியது. "இதுதான் எங்கட ஊருக்கு வாறது, பூரணியக்கா. நம்மள விட முந்திப் போயிடும் பாருங்க" என்றாள் உம்மு குல்சும். எங்கள் தோட்டத்து ஓடை அக்ரா ஓயாவில் விழுகிறது, அது கொத்மலை ஓயாவில், அது மகாவலியில். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பெயர்களாகப் படித்தேன், தண்ணீராக நினைத்ததில்லை.

இங்கே கொளுத்தும் வெயில். மண் வாய் பிளந்து கிடக்கிறது. ஒரே நாட்டில் இப்படியா?

ஜூலை 15, மூதூர்

இங்கே மகாவலியைக் கங்கை என்றுதான் சொல்கிறார்கள். இன்று உம்மு குல்சுமின் அக்கா அசீசா என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் காட்டப் போனாள். கணவர் மீன் பிடிக்கிறார், இவள் வயலைப் பார்க்கிறாள். பேச்சும் கையும் ஓயாத பெண்.

வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. இந்தப் பக்கம் மழை பெய்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறதாம். ஆனால் கங்கை கரையை முட்டி ஓடுகிறது, செக்கச்செவேலென்று!

"இது ஒங்கட ஊரு மழ," என்றாள் அசீசா. "இங்க வெயில் எரிக்கக்குள்ள அங்க மழ பெய்யும். அத வச்சுத்தான் நாங்க இந்தப் போகம் விதைக்கிறம். கங்கையில தண்ணி வந்தாத்தான் கடல் அங்கால நிக்கும். கங்கை வத்திச்சுண்டா கடல் உள்ளுக்கு ஏறும். கிணறெல்லாம் கரிச்சுப் போகும், வயல் கருகிப் போகும்."

ஆறும் கடலும் சேரும் இடத்தில் கண்ணா மரக் காடு. வேர்களெல்லாம் தண்ணீருக்கு மேலே கால் ஊன்றி நிற்கின்றன. உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் அந்த நிழலில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றனவாம், பெரிதானபின் கடலுக்குப் போகுமாம். அசீசா துடுப்பை ஊன்றினாள். பாதித் துடுப்பு சேற்றுக்குள் போனது.

"முந்தி இதுக்குள்ள மணல்தான். கால வச்சா மட்டிச் சிப்பி அகப்படும். இப்ப நாலஞ்சு வருசமாத் தண்ணியோட மண்ணும் சேந்து வருகுது. மட்டியெல்லாம் மூடிப் போச்சு."

நான் அந்தச் சேற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எந்த மலையிலிருந்து வந்ததோ. எங்கள் மலையிலிருந்தும் கொஞ்சம் இருக்கும். அங்கே காடு வெட்டுகிறார்கள் என்றேன். ஏன் என்று கேட்டாள். தேயிலை போட, என்றேன்.

தோணியைக் கரைப்பக்கம் திருப்பினாள். பிறகு, "தேத்தண்ணி இல்லாம எங்களுக்கும் விடியாதே புள்ள" என்றாள். கோபமாகத் திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 25, மூதூர்

ஆண் குழந்தை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. பயந்துபோனேன், விரலை நுழைத்து அதைக் கழற்றினேன். அழுதான். உம்மு குல்சும் அவனைவிடச் சத்தமாக அழுதாள்.

செப்டெம்பர் 9

வீடு வந்தேன். பீலியில் சேறு. ஓடையின் வலது பக்கக் காட்டை வரும் வாரம் வெட்டவேண்டுமாம்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை சண்டையாகச் சொல்லவில்லை. வெயிலில் செந்தண்ணீர் ஓடியதை, துடுப்பு சேற்றுக்குள் போனதை, கிணறு கரிப்பதை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவரே சொன்னார் — குழந்தை போன பிறகு மழையில் இரண்டு பக்கமும் ஏறிப் பார்த்தாராம். காட்டுப் பக்கத்தில் மிதித்தால் தரை மெத்தைபோல் அமுங்குகிறது, சருகு தண்ணீரைக் குடித்து நிற்கிறது. வெட்டிய பக்கத்தில் மழை தங்காமல் வழிந்து, மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

"நான் தப்பாச் சொல்லிட்டேன். ஊத்துன்னா அந்தக் காடுதான் போல," என்றார்.

செப்டெம்பர் 11

இருவரும் பங்களாவுக்குப் போனோம். துரை எங்களை உட்காரச் சொல்லவில்லை, விரட்டவும் இல்லை. குழந்தை இறந்ததைச் சொன்னேன். மூதூரைச் சொன்னேன். மூதூர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"தண்ணி காய்ச்சி குடிக்கச் சொல்லு," என்றார் தமிழில். "கம்பெனிக்குத் தேயிலை வேணும்."

செப்டெம்பர் 18

இன்று வெட்டு. அவர் ஓடையின் வலது கரையில், ஊற்றைச் சுற்றிலும் கயிறு கட்டி, அதற்கு உள்ளே இருக்கும் ஒரு மரத்தையும் தொடக்கூடாது என்று ஆட்களிடம் சொல்லிவிட்டார். மேட்டில் இருப்பதை மட்டும் வெட்டினார்கள். துரை கொழும்புக்குப் போயிருக்கிறார்.

"வந்து பாத்தா?" என்றேன்.

"பாக்கத்தானே போறாரு."

இரவு நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஒக்டோபர் 2

துரை பார்த்துவிட்டார். வருட முடிவோடு அவருக்கு வேலை இல்லை, குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். மிச்சக் காட்டை, இந்த வருடக் கணக்கை முடித்துவிட்டு, அடுத்த வருடம் வெட்டிக்கொள்கிறாராம்.

தொழிற்சங்கத் தலைவர் சோலைமலை வந்தார். "நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா, நாளைக்கே ஒரு ஆளும் பெரட்டுக்கு வரமாட்டாங்க."

"வேணாம் தலைவரே. என் ஒருத்தன் வேலைக்காக அத்தன அடுப்பும் அணையக்கூடாது."

தலைவர் போன பிறகு அவர் வெளியே போய்த் தனியாக நின்றுகொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை.

டிசம்பர் 26

நான்கு நாள் விடாத மழை. நேற்றுப் பகல் ஆறாம் நம்பர் மலையின் இடது பக்கம் சரிந்தது. முதலில் இளந்தேயிலை நகர்ந்தது, பிறகு அதன்கீழ் மலையே நகர்ந்தது. சத்தம் கேட்டதும் மேல் லயத்து ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். மண் இரண்டு காம்பரா வீடுகளை மூடிவிட்டது. உள்ளே யாரும் இல்லை. முருகா!

மரம் விட்டு வைத்த வலது கரை நின்றது. அதுவும் போயிருந்தால் கீழ் லயம் இருந்திருக்காது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த மண்ணும் தண்ணீரும் இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அங்கேயும் இப்போது மழைக்காலம். உம்மு குல்சும் இன்னும் மூதூரில்தான் இருக்கிறாள், நான்கு மாதக் குழந்தையோடு. ரயில் இல்லை, தபால் இல்லை.

1958 ஜனவரி 17

ஹசன் நானா போய் அவர்களை அழைத்துவந்துவிட்டார். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறான். கங்கை ஊருக்குள் வந்த அன்று அசீசா தோணியை வாசலுக்கே கொண்டுவந்து எல்லோரையும் ஏற்றினாளாம். வீட்டுச் சுவர் போய்விட்டது. வயலில் முழங்கால் அளவு மண்.

"அசீசா ராத்தா ஒங்களுக்குச் சொல்லச் சொன்னா," என்றாள் உம்மு குல்சும். "அந்த மண்ணுலயே பூசணி போட்டிருக்காளாம். நல்லா வருகுதாம்."

சிரித்தோம். பிறகு இருவருமே சிரிக்கவில்லை.

ஜனவரி 29

சரிவு மண்ணை அள்ளி முடிக்கும்வரை இருந்துவிட்டு, லிந்துலைக்கு வந்துவிட்டோம். இன்னொரு தோட்டம். எனக்கு மருத்துவச்சி வேலை. அவருக்கு இப்போதைக்கு தேயிலை ஸ்டோரில் எடை போடும் வேலை. மலைக்குப் போவதில்லை. மலையைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

ஜூன் 22

ஞாயிற்றுக்கிழமை. சோலைமலை தலைவர் பார்க்க வந்தார். பழைய துரை சீமைக்குப் போய்விட்டாராம். புதியவர் சரிவைப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே இனித் தேயிலை வேண்டாம், மரம் நடுங்கள் என்று சொல்லி, கன்றும் நட்டாகிவிட்டதாம். வலது கரைக் காட்டையும் யாரும் தொடக்கூடாதாம்.

"இந்த எடத்த யாரு விட்டு வச்சதுன்னு கேட்டாருங்கய்யா. பழைய கணக்கப்பிள்ளன்னோம். பேரக் கேக்கல."

அவர் வெற்றிலைத் தட்டைத் தலைவர் பக்கம் நகர்த்தினார்.

வேலாயிக்கு இது நிறைமாதம் என்றும் தலைவர் சொன்னார். பீலித் தண்ணீர் தெளிந்துவிட்டதாம், பிள்ளை பிறந்தால் காய்ச்சாமல் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டு வரச் சொன்னாளாம். இன்னும் இரண்டு மழைக்காலம் போகட்டும், அதுவரைக்கும் காய்ச்சியே கொடுக்கச் சொல்லுங்கள் என்றேன். பிரசவத்துக்கு நானே வருகிறேன் என்றும் சொன்னேன்.

தலைவர் பஸ்ஸுக்கு எழுந்தார். அவர் வாசல்வரை கூடவே போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. "அந்தக் கன்னுங்க," என்று தயங்கிக் கேட்டார், "வேர் பிடிச்சிருச்சா?"

பிறகு குடையை விரித்துக்கொண்டு, பேசியபடியே தலைவரோடு சந்தி வரைக்கும் நடந்துபோனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.