மீன் வரைந்த முட்டை

சின்ன ஹாரா, ஜெர்பா
மே 29

என் கண்ணான மகள் ஹாஜருக்கு உம்மா எழுதுவது. இறைவன் காவலில் நானும் வாப்பாவும் உன் தம்பி லஸ்ஹரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கடல் தாண்டி நீயும் அப்படியே இருக்கிறாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். போன வெள்ளிக்கிழமை போனில் உன் குரல் கட்டியிருந்தது. குளிர் விட்டுவிட்டதென்று ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கியிருப்பாய், எனக்குத் தெரியாதா உன்னை. நான் கொடுத்தனுப்பிய ஆலிவ் எண்ணெயைக் கொஞ்சம் சூடு செய்து நெஞ்சில் தடவிக்கொள், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறோம் என்பதற்காக எல்லாவற்றுக்கும் மாத்திரையை விழுங்காதே. இங்கே தெற்குக் காற்று ஆரம்பித்துவிட்டது. மதியமானால் தீவே கண் செருகிக் கிடக்கிறது, வெள்ளைச் சுவர்கள் வெயிலில் மெல்ல ஆடுகின்றன, எது கடல் எது வானம் என்று தெரியவில்லை. வாப்பா வலையைத் தைக்கிறேன் என்று மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு அப்படியே குறட்டை விடுகிறார். லஸ்ஹர் டாக்சிக்குப் புது டயர் மாட்டியிருக்கிறான், மூன்று வேளையும் வீட்டில் அதே பேச்சு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் கடையில் நின்று பேசும்போது பின்னால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உன் கம்மூனா பெரியம்மாவுக்கு இதயத்தில் ஏதோ கதவு சரியாக மூடவில்லையாம். ஜூன் பதினெட்டாம் தேதி தூனிஸ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து சரி செய்யப் போகிறார்கள். டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், இந்த வயதில் பிழைப்பதும் பிழைக்காததும் பாதிக்குப் பாதியாம். அதற்குள் அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு காரியம் நேராக வேண்டியிருந்தது. அதில் நீயும் இருக்கிறாய் மகளே. நீ மனதில்கூட நினைத்திராத விதத்தில் இருக்கிறாய். முப்பத்திரண்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

நீ பிறப்பதற்கு முந்தின வருடம். எனக்குக் கல்யாணமாகி நாலு வருடம், நம் தெருவிலேயே இருந்த கம்மூனா அக்காவுக்கு ஆறு. இரண்டு பேர் மடியும் காலி. உன் வாப்பாவைப் பெற்றவள் என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு பெண் பார்க்கலாமென்று வெளிப்படையாகவே பேச ஆரம்பித்துவிட்டாள். அந்த வசந்தத்தில்தான் கம்மூனா அக்கா என் கையைப் பிடித்து, “வாடீ, கரீபாகிட்ட போவோம், அவளும் யாருமில்லாதவதானே, நம்ம கஷ்டம் அவளுக்குப் புரியும்” என்று கூட்டிப்போனாள். கரீபா யாரென்று நீ சின்ன வயதில் கேட்டுக் கேட்டுக் குடைவாயே. எங்கிருந்தோ தனியாக வந்த பெண், ஊருக்கு வெளியே குடிசை போட்டு இருந்தாள், யாரும் கிட்டே போகவில்லை, ஒருநாள் குடிசை எரிந்தது, அவள் செத்துப் போயிருந்தாள், ஆனால் மேனியில் ஒரு கொப்புளம்கூட இல்லை. உயிரோடு இருந்தபோது ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காதவர்கள் எல்லாரும் அதன் பிறகு அவள் எங்கள் பெண் என்றார்கள். கம்மூனா அக்கா யூத வீட்டுப் பெண்ணாச்சே, அவளைக் கேட்டால் இஸ்ரவேலின் மகள் என்பாள், கரீபா அடங்கிய இடத்தின் மேல் கட்டியிருப்பதும் யூதர்களுடைய தொழுகை வீடுதான். என் உம்மாவைக் கேட்டால் நம்மவள் என்பாள். சந்தைப் பக்கத்து மால்டாக்காரி மெழுகுவர்த்தியோடு வருவாள், அவளுக்கு அது மாதா மர்யம். நம் பள்ளிவாசல் இமாம் இதற்கெல்லாம் முகத்தைச் சுளிப்பார், அவர் மனைவி முக்காட்டுக்குள் முட்டையை ஒளித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நிற்பாள். நான் ஒன்றும் வாதாடுவதில்லை. அந்த நீல ஓடுகளுக்கு நடுவே வெறுங்காலோடு நடந்து, எண்ணெய் விளக்குகள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தால், நான் யார் வீட்டுப் பெண் என்பதே எனக்கு மறந்துபோகும்.

முட்டை வழக்கம் உனக்குத் தெரியும். வேண்டுதலோடு பேரெழுதிய பச்சை முட்டையைக் கீழே அந்தச் சின்னக் குகையில் மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், திருவிழா முடிவதற்குள் அந்தச் சூட்டிலேயே அது வெந்துவிடும், யார் பேரோ அவர்களே எடுத்துச் சாப்பிட வேண்டும். அப்போது எனக்கும் அக்காவுக்கும் எழுத்து வாசனையே கிடையாது. கம்மூனா அக்காவின் வீட்டுக்காரர் ஷூஷான்தான் இரண்டு முட்டைகளிலும் தன் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். வெள்ளி நகை செய்கிற கை சும்மா இருக்குமா, தன் மனைவியின் முட்டையில் மட்டும் ஓரத்தில் ஒரு குட்டி மீன் வரைந்தார். செதில் செதிலாக, அவ்வளவு அழகு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், எனக்கு வரையச் சொல்லிக் கேட்க வெட்கம்.

இரண்டாம் நாள் மாலை குனிந்து தவழ்ந்து குகைக்குள் போனேன். உள்ளே புகையும் மெழுகு வாசனையும், நூறு முட்டைகள், எல்லாம் மஞ்சள் வெளிச்சத்தில் ஒரே மாதிரி. எங்கள் இரண்டையும் சேர்த்து வைத்த மூலையில் கையில் அகப்பட்டதை என்னுடையதென்று எடுத்துக்கொண்டு வெளியே முற்றத்துக்கு வந்து உரித்தேன். ஒரு வாய் கடித்த பிறகுதான் உள்ளங்கையில் கிடந்த ஓட்டைப் பார்த்தேன். மீன் இருந்தது. ஹாஜர், அப்போதே ஓடிப்போய் மீதியைக் கொடுத்திருக்கலாம். அக்கா பத்தடி தூரத்தில்தான் நின்றாள். நான் கொடுக்கவில்லை. திரும்பி நின்று முழுவதையும் தின்றேன், ஓட்டைக் காலால் மண்ணில் தேய்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் என் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, “இங்க பாருடீ, சூட்டுல மீன் அழிஞ்சே போச்சு” என்று சிரித்துக்கொண்டே உரித்துச் சாப்பிட்டாள். அடுத்த வசந்தத்தில் நீ பிறந்தாய். முதலில் உன்னைக் கையில் வாங்கியவள் அவள்தான். “உன் குரல் கரீபாவுக்கு முதல்ல கேட்டிருக்கு, அடுத்தது என்னோடது” என்றாள். நாற்பத்தைந்து வயது வரைக்கும் வருடம் தவறாமல் முட்டை வைத்தாள்.

நான் அதற்குச் செய்த பரிகாரம் என்ன தெரியுமா, உன்னை அவள் வீட்டுக்கு அனுப்பியதுதான். சனிக்கிழமை அவர்கள் நெருப்பைத் தொடக்கூடாதே, ஏழு வயதிலிருந்து நீதான் போய் அடுப்பை மூட்டிக்கொடுத்தாய், சாம்பலில் ராத்திரி முழுக்க வெந்த பழுப்பு முட்டையைத் தின்றுவிட்டு அவள் மடியிலேயே தூங்கிவிட்டு வருவாய். சாயங்காலம் உன்னைத் திரும்பக் கொண்டுவந்து விடும்போதெல்லாம், “பிள்ளையை இரவல் குடுத்ததுக்கு உனக்குப் புண்ணியமாப் போகும் நெஜியா” என்பாள். அந்த வார்த்தையைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சில் முள் ஏறும், இருந்தாலும் வாயைத் திறந்ததில்லை. சொன்னால் உன்னில் பாதி கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் பயந்தேன்.

இந்த வருடத் திருவிழாவுக்கு டாக்டர் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் வந்தாள். பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினாள். முற்றத்தில் தாளம் அடிக்கிறார்கள், மணப்பெண் மாதிரி பட்டுத்துணி சுற்றிய விளக்குத் தேரின் மேல் பெண்கள் பன்னீர் தெளிக்கிறார்கள், அவள் கல்மேடையில் உட்கார்ந்து முட்டையை என் கையில் கொடுத்து, “என்னால இனிமே குனிய முடியாது. நீதான் இப்ப எழுதப் படிச்சவளாச்சே, என் பேரை எழுதிக் கீழே வெச்சுட்டு வா. அப்படியே ஷூஷான் போடுவாரே, அந்த மீனையும் போடு” என்றாள். பேரை எழுதிவிட்டேன். மீனுக்கு வளைவு போட்டபோது கை நின்றுவிட்டது. அவள் நெஞ்சைத் திறந்து பார்க்கப் போகிறார்கள், நான் மட்டும் இன்னும் மூடி வைத்திருக்கிறேனே என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அழுதுகொண்டே, தாளச் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்தி. அவள் என்னையே பார்த்தாள். “முப்பத்திரண்டு வருஷமா என் பிள்ளையை எனக்கே இரவல் குடுத்திட்டு இருந்தியா?” என்று கேட்டாள். என் கையைத் தட்டிவிட்டு எழுந்து தனியாக நடந்து போய்விட்டாள்.

ஒன்பது நாள் அவள் கதவு எனக்குத் திறக்கவில்லை. சனிக்கிழமை அடுப்பு மூட்டப் போனேன், உள்ளே தாழ்ப்பாள். அன்று பச்சைத் தண்ணீரும் ஆறிப்போன ரொட்டியும்தான் தின்றிருக்கிறாள். உன் வாப்பாவிடம் சொன்னேன், அவரும் இப்போதுதான் முதல் தடவை கேட்கிறார். தாடையைத் தடவிக்கொண்டு, “முட்டையிலருந்துதான் பிள்ளை வந்துச்சுன்னா அப்ப இந்த வீட்ல எனக்கு என்னடி வேலை?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் அவரே, போய் வாசலிலாவது உட்காரு என்றார்.

பத்தாம் நாள் மதியம், தெற்குக் காற்றில் கண்ணயர்ந்தேன். கனவில் அதே குகை. ஆனால் பெரிதாக இருந்தது, கடலின் சத்தம் கேட்டது, தரை முழுக்க வெள்ளை முட்டைகள், ஈர மணலில் வைத்த மாதிரி. நடுவில் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. பேர்களைப் பார்க்கவேயில்லை, ஓட்டை ஒரு பக்கம் போட்டாள், முட்டையை ஒரு பக்கம் வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். திரும்பாமலே, “உப்பு கொண்டாந்தியா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். விழித்துப் பார்த்தால் வாயெல்லாம் உப்புக்கரிக்கிறது, தூக்கத்தில் அழுதிருக்கிறேன் போல.

என்ன தோன்றியதோ, உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டி, “உப்பு கொண்டு வந்திருக்கேன்” என்றேன். “யார் கேட்டா உன்கிட்ட உப்பு?” என்று உள்ளேயிருந்து குரல். “அவ கேட்டா, கனவுல” என்றேன். தாழ்ப்பாள் படாரென்று திறந்தது. “டாக்டர் என்னை உப்பைத் தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு, சாடியோட வந்து நிக்கிறியே, பிள்ளையத் தின்னது போதாதுன்னு என்னையும் முடிக்கப் பாக்குறியா?” என்று தெருவே கேட்கும்படி திட்டினாள். திட்டிக்கொண்டே மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்தாள், நான் தாங்கிக்கொண்டேன். அப்படியே இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து அழுதோம். கனவை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, “முகத்தைப் பாத்தியா?” என்றாள். இல்லை என்றேன். “நீ எதைத்தான் ஒழுங்காப் பாத்திருக்கே” என்றாள்.

உள்ளே மேஜை மேல் ஆஸ்பத்திரித் தாள் கிடந்தது, பூர்த்தி செய்து அனுப்ப வேண்டியது. நான் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே எழுதினேன். பேர், தகப்பன் பேர், கணவன் பேர், உயிரோடில்லை. பிள்ளைகள் எத்தனை என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “ஒண்ணுன்னு எழுது” என்றாள். பேர் என்ன போட என்று கேட்டேன். “ஏன், உனக்குத் தெரியாதா?” என்றாள். ஹாஜர் என்று எழுதினேன், மகள் என்று எழுதினேன், உன் மான்ட்ரியல் போன் நம்பரையும் எழுதினேன். உன்னில் பாதி எங்கேயும் போய்விடவில்லை. கிளம்பும்போது சொன்னாள்: “மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே. இன்னும் எவ்வளவோ திட்டணும், அதுக்காகவாவது நான் பொழைச்சு வரணும்.”

லஸ்ஹர் பதினாறாம் தேதி எங்கள் இரண்டு பேரையும் டாக்சியில் தூனிஸ் கூட்டிப்போகிறான். உன்னை வா என்று நான் கட்டாயப்படுத்தவில்லை, லீவு கிடைக்குமோ என்னவோ, முடிந்தால் வா, நீ வந்தால் எனக்குப் பாதி உயிர் திரும்பும். என் மேல் கோபமிருந்தால் அதையும் எழுது, வாங்கிக்கொள்கிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுப்பான், உன் கால் படுகிற தெருவெல்லாம் உனக்கு இரங்கும், அக்கா தன் மொழியில் சொன்ன துஆவையும் இதோடு சேர்த்து அனுப்புகிறேன். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் போன் வரும். அக்கா கட்டிலில் படுத்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். நர்ஸ் உன்னை, நீங்கள் கம்மூனாவின் மகளா என்று கேட்டால், யோசிக்காமல் ஆமாம் என்று சொல்.

இப்படிக்கு,
உன் உம்மாக்களில் இளையவள்,
நெஜியா