இரட்டைப் பட்டம்

ஜூலை 18

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நீங்கள் குரலை உயர்த்துகிறீர்கள். மூன்றாவது நிமிடத்தில் நான் வைத்துவிடுகிறேன். நடுவில் அம்மா மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். அதனால்தான் கடிதம். நான் சொல்லி முடிக்கும்வரை இதில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

பிசினஸும் கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்த்து ஐந்து வருடத்தில் இரண்டு பட்டம் என்று படிக்க நன்றாகத்தான் இருந்தது. இங்கே வந்து பார்த்தால் அது இரண்டு கட்டடம், நடுவில் பதினெட்டு நிமிட நடை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அங்கே ஒரு வகுப்பு, அதே பத்து மணிக்கு இங்கே ஒரு வகுப்பு. இரண்டிலும் வருகைப்பதிவு உண்டு. ஒரு வாரம் அங்கே திட்டு வாங்குகிறேன், மறுவாரம் இங்கே. பிசினஸ் வகுப்பில் என்னை "மெக்கானிக்" என்கிறார்கள். கம்ப்யூட்டர் வகுப்பில் "முதலாளியம்மா". குழு பிரிக்கும்போது இரண்டு பக்கமும் கடைசியில் மிஞ்சுவது நான்தான்.

ஐந்தாம் வருடம் தொடங்குமுன் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை நிம்மதியாக முடிக்கலாம் என்றார் ஆலோசகர். படிவம் என் மேஜையில் இருக்கிறது. எதை விட்டுவிட ஆசை என்று உங்களுக்குத் தெரியும். பிசினஸ் பெரியப்பாவுக்காக எடுத்தது. கையெழுத்துப் போடட்டுமா?

கழுத்து வலி எப்படி இருக்கிறது? அந்தப் பெரிய தலையணையைத் தூக்கிப் போடுங்கள்.

உங்கள்
வாண்டு


ஜூலை 25

என் வாண்டுவுக்கு,

கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். அம்மா மூன்று முறை படித்துவிட்டு, "பாவங்க, விட்டுட்டுப் போகட்டும்" என்றாள். அவளுக்கு என்ன, சொல்லிவிடுவாள்.

கையெழுத்துப் போடாதே. அண்ணனுக்குப் பிள்ளை கிடையாது. அவருடைய சரக்குக் கம்பெனியில் நாற்பது வண்டி ஓடுகிறது. பிற்பாடு அது உன் கைக்குத்தான் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் பிசினஸ் படிக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் நீ அடம்பிடித்தது. நான் நடுவில் நின்று இரண்டுக்கும் அவரைச் சம்மதிக்க வைத்தேன். இப்போது ஒன்றை விட்டால் நான் எந்த முகத்தோடு அவர் எதிரில் நிற்பது?

நான் உட்காரும் கண்ணாடி அறை உனக்குத் தெரியும். ஒரு பக்கம் ஷெட், மறுபக்கம் ஆபீஸ். எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்று கேட்டு இரண்டு பக்கமும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். எழுந்து கை கால் நீட்டக்கூட நேரம் கிடையாது. உனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம் என்றுதான் இவ்வளவும்.

இன்னும் ஒரு வருடம். பல்லைக் கடித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா


செப்டம்பர் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

படிவத்தைக் கிழித்துவிட்டேன். உங்களுக்காக. இனி நான் இதைக் குத்திக்காட்ட மாட்டேன், நீங்களும் பேச்சை எடுக்காதீர்கள்.

கடைசி வருட புராஜெக்ட் இரண்டு துறைக்கும் பொதுவாக இருக்க வேண்டுமாம். அதனால் எனக்கு இரண்டு வழிகாட்டிகள். பிசினஸ் மேடம் "இதனால என்ன லாபம்?" என்கிறார். கம்ப்யூட்டர் சார் "இதுல என்ன புதுசு?" என்கிறார். ஒருவர் தலையாட்டினால் மற்றவர் உதட்டைப் பிதுக்குகிறார். ஆறு யோசனைகள் குப்பைக்குப் போயின. ஏழாவதாக, எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று தானே முடிவு செய்யும் ஒரு புரோகிராம் எழுதுகிறேன் என்றேன். இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

காலையில் நாற்பது வண்டியையும் நீங்கள் எப்படிப் பிரித்து அனுப்புகிறீர்கள்? மனதில் ஓடுவதை அப்படியே எழுதுங்கள். சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.

வாண்டு


செப்டம்பர் 14

என் வாண்டுவுக்கு,

இத்தனை வருடத்தில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. எழுத உட்கார்ந்தால் பதினோரு பக்கம் வந்துவிட்டது, இதோடு வைத்திருக்கிறேன். "கல்யாணத்துக்கு முன்னாடி எனக்குக்கூட இவ்வளவு எழுதினதில்ல" என்கிறாள் அம்மா.

ஏழாம் நம்பர் வண்டிக்கு மேடு ஆகாது. பெயின்ட் கடைக்காரர் பதினொன்றுக்கு முன்னால் ஷட்டரைத் தூக்க மாட்டார். மருந்துக் கிடங்கின் பின்வாசலில் சின்ன வண்டிதான் நுழையும். இரண்டு டிரைவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, அவர்களை ஒரே இடத்துக்கு அனுப்பாதே.

ஒல்லி டிரைவரை உனக்கு நன்றாகத் தெரியும், சின்ன வயதில் உன்னைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டவர். அவர் மனைவிக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அது முடிந்து கூட்டிப்போக மதியம் மூன்று மணிக்கு அவர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். அதனால் அந்த இரண்டு நாளும் அவருக்குப் பக்கத்து இடங்களாகவே கொடுப்பேன். அவர் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொல்லிக்கொண்டதில்லை.

வேறு சந்தேகம் இருந்தால் கேள். எழுத ஆசையாக இருக்கிறது.

அப்பா


ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

புராஜெக்ட் ஜெயித்துவிட்டது. முதல்முறையாக இரண்டு கட்டடத்து ஆட்களும் ஒரே அறையில் உட்கார்ந்து எனக்குக் கைதட்டினார்கள். பெரியப்பாவும் வந்திருந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"இதுக்குப் பக்கத்துல யாரு உக்காந்திருக்கணும்?"

"யாருமே வேண்டாம் பெரியப்பா" என்றேன். அதுதான் அதன் பெருமை என்று நினைத்துச் சொன்னேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

இன்னொன்றையும் மறைக்க முடியவில்லை. ஒல்லி மாமாவின் செவ்வாய், வெள்ளியைச் சேர்த்தால் மிச்சமாகும் நேரம் குறைகிறது, இப்போதைக்கு எடுத்துவிடு என்றார் மேடம். மதிப்பெண்ணை நினைத்து எடுத்துவிட்டேன். பெரியப்பா வாங்கிப் போயிருப்பது அந்தப் பிரதியைத்தான்.

கூடவே ஓர் ஒப்பந்தமும் கொடுத்திருக்கிறார். பட்டம் வாங்கியதிலிருந்து பத்து வருடம் கம்பெனியை விட்டுப் போகக் கூடாது. இங்கே கம்ப்யூட்டர் சார் தன்னிடம் ஆராய்ச்சிக்கு ஓர் இடம் இருக்கிறது என்கிறார். மனசெல்லாம் அதில்தான் கிடக்கிறது. என்ன செய்யட்டும்?

வாண்டு


மே 11

என் வாண்டுவுக்கு,

அண்ணன் மரியாதையாகத்தான் சொன்னார். "இத்தன வருஷம் ஓடினது போதும்டா, மேல வந்து சும்மா உக்காரு" என்றார். மாடியில் பழைய ஃபைல்கள் வைக்கும் அறையில் ஒரு மேஜை. சம்பளம் அப்படியே. ஒன்பதுக்குப் போகிறேன், ஆறுக்கு வருகிறேன். நடுவில் ஒருவரும் கதவைத் தட்டுவதில்லை. கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டால் எந்த வண்டி என்று தெரிகிறது, எங்கே போகிறது என்று தெரிவதில்லை.

உன் புரோகிராம் நன்றாக ஓடுகிறது. அதைச் சொல்லாவிட்டால் அது பொய்.

போன செவ்வாய்க்கிழமை அது ஒல்லியை நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி அனுப்பியது. திரையில் வந்ததை எதிர்த்து யாரிடம் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த அம்மா ஆஸ்பத்திரிப் படியிலேயே இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்தபோது மயங்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. போய்ப் பார்த்தேன். "பாப்பா நல்லா படிக்குதா சார்?" என்றுதான் ஒல்லி கேட்டார்.

ஒப்பந்தத்தைப் பற்றி யோசித்து எழுதுகிறேன். அதுவரை அதைத் தொடாதே.

அப்பா


மே 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்ததும் ரயிலேறிவிட்டேன். நேற்று பெரியப்பாவை அவர் வீட்டில் பார்த்தேன். வீட்டுக்கு வராமலே திரும்பியதற்குக் கோபிக்காதீர்கள். உங்களைப் பார்த்திருந்தால் நான் நினைத்ததைச் செய்திருக்க முடியாது.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒல்லி மாமாவிடம் அது என் வேலைதான் என்று சொன்னேன். அவர், "கம்ப்யூட்டருக்கு என்னம்மா தெரியும்" என்று எனக்கே சமாதானம் சொன்னார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

பெரியப்பாவிடம் இரண்டு கேட்டேன். ஒல்லி மாமாவின் இரண்டு நாளும் பழையபடி வேண்டும். நீங்கள் கீழே உங்கள் அறைக்குத் திரும்ப வேண்டும், உங்களைக் கேட்காமல் ஒரு வண்டியும் கிளம்பக் கூடாது. பேரம் பேசும்போது கண்ணைத் தாழ்த்தாதே என்று மேடம் சொல்லிக்கொடுத்திருந்தார். தாழ்த்தவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிம்மா. நீ கையெழுத்துப் போடு" என்றார்.

போட்டுவிட்டேன். அவர் மேஜையிலேயே உட்கார்ந்து, நான் எடுத்த வரிகளைப் புரோகிராமில் திரும்பச் சேர்த்தேன். படித்த இரண்டு படிப்பும் ஒன்றாக எனக்கு உதவியது அந்த ஒரு மணி நேரம்தான்.

திட்டாதீர்கள்.

வாண்டு


மே 27

என் வாண்டுவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். பத்தொன்பதாம் தேதி காலையில் வேலையை விட்டுவிட்டேன். ராஜினாமாவை நீட்டி, "என் பொண்ணும் வரமாட்டாண்ணா" என்று சொன்னேன். அண்ணனிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். நீ முந்தின நாளே கையெழுத்துப் போட்டதை அவர் சொல்லவில்லை.

நேற்று போய் ஒப்பந்தத்தைத் திருப்பிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அவளே வந்து, அவளே கேட்டு, அவளே போட்ட கையெழுத்துடா" என்றார். நீ கேட்டு வாங்கிக்கொடுத்த இடத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. ராஜினாமாவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அதை மட்டும் கொடுத்தார்.

ஜூன் மூன்றாம் தேதி நீ சேர வேண்டுமாம். எந்த ரயில் என்று எழுது. அம்மாவும் நானும் ஸ்டேஷனுக்கு வருகிறோம். உன்னைத் திட்ட மாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை.

நீ பிறந்த வருடம், "ரெண்டு மாசம் ஒத்தாசைக்கு வாடா" என்றுதான் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. இருபத்துமூன்று வருடத்தில் "நான் போகட்டுமாண்ணா?" என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பாரோ என்னவோ.

நீ கேள். முதல் வருடமே கேள். இல்லை என்பார். மறு வருடமும் கேள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அப்பா